நல்லாருக்கேன் சார்

மக்கா,

இன்று காலை வீட்டில் டீ குடிக்கும்போது தம்ளர் என் பல்லில் இடித்து டகடகவென்று ஆடியது. அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். சண்டை முடிந்து ஊருக்கு வந்த வருஷம் உன் கையில் கேட்ட அதே சத்தம். தம்ளரைக் கீழே வைத்துவிட்டேன். பயந்துபோனேன், உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது.

எழுபத்தொன்றில் பாகிஸ்தான் சண்டைக்கு ஒரே பட்டாளத்தில் போனோம். திரும்பிய பின் உனக்குக் கை நடுக்கம், தூக்கமில்லை, திடீர் திடீரென்று மூச்சடைப்பு. ரத்தம் எடுத்தார்கள், படம் பிடித்தார்கள். நோயின் பெயர் மட்டும் எந்த டாக்டருக்கும் அகப்படவில்லை. பெயரில்லாத நோய்க்குப் பென்ஷன் கிடையாது என்றார்கள். மனு மேல் மனு போட்டு, ஒருவழியாக மெடிக்கல் போர்டுக்குக் கூப்பிட்டார்கள்.

"ஏலே, உள்ளதச் சொல்லு. ஒண்ணும் மறைக்காத" என்று வாசல்வரை சொல்லி அனுப்பினேன்.

வெளியே வந்த உன் முகத்தில் ஈயாடவில்லை. "எப்படி இருக்கீங்கன்னு டாக்டரு கேட்டாரு மக்கா. நல்லாருக்கேன் சார்னுட்டேன்."

"கூறுகெட்ட பயலே!" என்று நடுரோட்டில் கத்தினேன். ஆனால் உன்னைத் திட்டி என்ன செய்ய? பட்டாளத்துக்கு முன்னால், சங்கு குளித்த நாளிலேயே நமக்குப் பழகிய பதில்தானே அது. "உடம்பு எப்படிலே?" என்று வள்ளத்துக்காரர் கேட்பார். காதுவலி, சளி என்று வாய்திறந்தால் அன்றைக்குக் கடலில் இறக்கமாட்டார். காய்ச்சலோடு நின்றாலும் நல்லாருக்கேன் என்போம்.

போர்டிலிருந்து 'குறை ஏதுமில்லை' என்று காகிதம் வந்தது. வேறு வழியில்லாமல் மறுபடி வள்ளமேறினாய். அன்றும் வள்ளத்துக்காரர் கேட்டார். உன் கை நடுங்கியதை நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். "நல்லாருக்கேன் அண்ணாச்சி" என்று குதித்தாய். நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கயிற்றை இழுத்து உன்னை மேலே தூக்கியபோது மூச்சில்லை.

மூச்சடைப்பு எனக்கும் வந்து ஒரு வருஷமாகிறது. கை மட்டும் மிச்சமிருந்தது; இன்று அதுவும் போயிற்று. நானும் மனு போட்டிருந்தேன்; நாளைக்கு எனக்குப் போர்டு.

டீ கொட்டியிருந்ததைப் பார்த்து என் பெண்டாட்டி, "என்ன செய்யுது உங்களுக்கு? மூஞ்சி வெளுத்துக் கெடக்கு" என்றாள்.

"ஒண்ணுமில்ல ஏளா, நல்லாருக்கேன்."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அப்போதிருந்து தனியே உட்கார்ந்து, 'நல்லா இல்ல சார்' என்று சொல்லிச் சொல்லிப் பார்க்கிறேன். நாக்கு புரளமாட்டேன் என்கிறது. நாளைக்குப் போர்டில் டாக்டர் கேட்கும்போது, என் வாயில் வந்து நீ பதில் சொல்லிவிடாதே மக்கா.