குச்சி நட்ட இடங்கள்

நைனார்பாளையம்,
செவ்வாய்க்கிழமை காலை.

அன்புள்ள அப்பாவுக்கு எழில்மதி எழுதுவது.

கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிடாதீர்கள். வீட்டில் எல்லோரும் நலம். வேலைக்கு நடுவில் இதைப் படிக்க வைப்பதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் எஸ்டேட்டிலிருந்து இறங்கி வந்து போன் செய்யும்போது அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாள், பக்கத்து வீடு வரை கேட்கிறது. எனக்குப் பேச்சே வருவதில்லை. நீங்கள் கூட்டிப் படிக்கச் சிரமப்படக் கூடாதென்று எழுத்தைப் பெரிதாக எழுதியிருக்கிறேன்.

அங்கே சகலேசபுரத்தில் மழை என்றீர்கள். இங்கே சாயங்காலமானால் கல்வராயன் மலைமேல் மேகம் கூடுகிறது. நான் நாலு தடவை வாசலுக்குப் போய்ப் பார்ப்பதற்குள் கலைந்துவிடுகிறது. ஆட்டுக்குத் தழை இல்லை. கரும்பு வெட்டு முடிந்துவிட்டதால் தெருவில் பாதிப் பேருக்கு வேலையும் இல்லை.

நம் சித்தேரி போன மாதமே வற்றிவிட்டது. கடைசிக் குட்டையில் முதலில் செத்தது கெண்டைதான். தண்ணீர் சூடாகி, வாய் பிளந்து மேலே வந்ததையெல்லாம் கொக்கு கொத்திக்கொண்டு போனது. விரால் மட்டும் சேற்றுக்குள் இறங்கிவிட்டது. மேலே தரை வெடித்துக் கிடக்கிறது. குனிந்து பார்த்தால் விரல் நுழையும் அளவில் ஒரு துளை, சுற்றிலும் மண் கொஞ்சம் கறுத்திருக்கும். அதன் வழியாகத்தான் கீழே கிடக்கும் விரால் மூச்சு விடுகிறது. இப்படி அது எத்தனை நாள் தாங்கும் என்பதுதான் என் எம்.எஸ்சி. ஆய்வு என்று உங்களிடம் சொல்லியிருக்கிறேன்.

ஒவ்வொரு துளைக்கும் அடையாளம் வைக்கச் சொன்னார் எங்கள் செந்தமிழ்ச்செல்வி மேடம். அம்மாவின் பழைய சிவப்புப் புடவையைக் கிழித்து, மூங்கில் குச்சியில் கட்டி, எண் எழுதி நட்டேன். முப்பத்தொரு குச்சிகள். ஏரிக்கரையில் நின்று பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது.

போன வெள்ளிக்கிழமை மேடத்திடம் நோட்டைக் காட்டக் கள்ளக்குறிச்சிக்குப் போய்விட்டு வந்தேன். ஏரியில் குச்சி நட்ட இடமெல்லாம் முப்பத்தொரு குழிகள். விராலைத் தோண்டி எடுத்துக்கொண்ட தெருக்காரர்கள் குச்சிகளை மட்டும் ஒரு கட்டாகக் கட்டி நம் வீட்டு வாசலில் பத்திரமாக வைத்திருந்தார்கள்.

யாரையும் திட்ட முடியவில்லை அப்பா. கொளஞ்சியம்மாள் அத்தை என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்து, “எங்களுக்கோசரம் ஒண்டியா வெயில்ல நின்னு கொடி கட்டி வெச்சிக்கீதே பொண்ணு! படிச்சிட்டு ஊருக்கு இன்னா செஞ்சிதுன்னு கேட்டவன்லாம் இப்ப வரட்டும்” என்றார். பிச்சைமுத்து சித்தப்பா, “இன்னா எழிலு, மூஞ்ச தூக்கி வெச்சிக்கினு கீற? நாங்க நாள் பூரா நோண்டுனா ரெண்டு மாட்டும். நீ நம்பர் போட்டுல்ல குடுத்துட்ட!” என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அவர்களுக்காக வைக்கவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அத்தை கொடுத்தனுப்பிய விரால் குழம்பை அம்மா ஊற்றினாள். சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

எல்லா வருடமும்தான் தோண்டுகிறார்கள். குத்துமதிப்பாகத் தோண்டும்போது பத்தில் இரண்டோ மூன்றோதான் அகப்படும். மிச்சம் முதல் மழையில் எழுந்து குஞ்சு விடும். இந்த வருடம் மிச்சம் என்று எதுவும் இல்லாமல் செய்தது என் குச்சிகள்தான். திரும்பத் திரும்ப ஏரிக்குப் போகிறேன். நடந்து நடந்து செருப்பு அறுந்துவிட்டது. புதிதாக ஒரு துளைகூட என் கண்ணில் படவில்லை.

இனி இருந்தால் உங்கள் இடத்தில்தான் இருக்கும் என்று நேற்றிலிருந்து எல்லோரும் பேசிக்கொள்கிறார்கள். கோடைக்கு ஒரு தடவை ஒற்றை விராலோடு வருவீர்களே, எங்கே பிடித்தீர்கள் என்று கேட்டால் “ஏரிலதான்” என்பீர்களே, அந்த இடம். “ஞாயித்துக்கிழம அண்ணன் போன் போட்டா கேட்டுடறேன், எனக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லப் போவுது” என்கிறார் சித்தப்பா. மண்வெட்டியைத் தீட்டி வைத்தாயிற்று. மேடமும் அப்பாவிடம் கேள் என்கிறார். புதிதாகத் துளைகள் கிடைக்காவிட்டால் ஆய்வு நின்றுவிடும், அடுத்த வருடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இதை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

இன்றே கள்ளக்குறிச்சிக்குப் போய் ஸ்பீட் போஸ்டில் போடுகிறேன். சனிக்கிழமைக்குள் கிடைத்துவிட வேண்டும்.

மழையில் நனைந்துகொண்டே வேலை செய்யாதீர்கள். மாத்திரையை விடாதீர்கள்.

அப்பா, ஒன்றே ஒன்று கேட்கிறேன். சித்தப்பா கேட்டால் அந்த இடத்தைச் சொல்லாதீர்கள். தம்பியிடம் மறைப்பது உங்களுக்குக் கஷ்டம் என்று தெரியும். ஞாபகம் இல்லை என்று மட்டும் சொல்லுங்கள். அவருக்குப் பிறகு நான் போனை வாங்கிக் கேட்பேன். ஒரு வருடம் போய்விடுமே என்று அழுதுகூடக் கேட்பேன். எனக்கும் சொல்லாதீர்கள்.

உங்கள் மகள்
எழில்மதி