‘சாக்கிட்’ என்ற சொல்லைக் கேட்ட அக்காவுக்கு

என் பாசமுள்ள செல்வம் அக்கா,

நீங்கள் கண்ணை மூடிவிட்ட செய்தி இலங்கையில் அட்டனிலிருந்து துபாய் தேராவுக்கு வந்து சேர ஒரு மாதம் ஆகிவிட்டது. உங்களிடம் கேட்காமல் விட்ட மன்னிப்பு ஒன்று இருக்கிறது. இனி எங்கே போய்க் கேட்பேன்?

அந்த இந்தோனேசியப் பெண்ணை நினைவிருக்கிறதா? வீட்டு வேலைக்கு வந்து நாலே நாள். அந்த வீட்டு டிரைவர் அவளை நம் கிளினிக் வாசலில் இறக்கிவிட்டு காரிலேயே இருந்தான். பதிவு மேசையில் இருந்த நான் இங்கிலீஷ், ஹிந்தி, அரபு மூன்றிலும் கேட்டுப் பார்த்தேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஏதோ முனகினாள். புதிதாக வந்தவள், ஊர் ஏக்கத்தில் அழுகிறாள் என்று நினைத்தேன். டாக்டர் சாப்பிடப் போயிருந்தார். நாளைக்கு வரச் சொல்லி அனுப்பப் பார்த்தேன்.

தரை துடைத்துக்கொண்டிருந்த நீங்கள் நிமிர்ந்தீர்கள். “தங்கச்சி, இந்தப் புள்ள ‘சாக்கிட்’னு சொல்லுது. நம்ம நர்ஸ் தெரேசாவும் தலைவலி வந்தா அதத்தானே சொல்லும்?”

“அக்கா, உங்களுக்கு இது விளங்காது. நீங்கள் வேலையைப் பாருங்கோ” என்றேன்.

உள்ளே போய் பிலிப்பைன்ஸ் நர்ஸ் தெரேசாவைக் கூட்டி வந்தீர்கள். அந்த ஒரு சொல் காதில் விழுந்ததும் தெரேசா அவளைப் படுக்கவைத்து, அடிவயிற்றை மெல்ல அழுத்தினாள். அவள் துடித்துப்போனாள். டாக்டரை உடனே கூப்பிட்டோம். குடல்வால் வீங்கி வெடிக்கும் நிலை. அன்று மாலையே பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடந்தது.

தையல் பிரிக்க வந்தபோது அவளும் தெரேசாவும் சொற்களை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கண்ணுக்கு ‘மாத்தா’, பிள்ளைக்கு ‘அனாக்’, வானத்துக்கு ‘லாங்கிட்’. எல்லாம் இருவருக்கும் ஒன்று. “ரெண்டு பேரும் ஒரே வீட்டுப் புள்ளைகளா?” என்று கேட்டீர்கள்.

இப்போது ஒரு புத்தகத்தில் படித்தேன் அக்கா. ஆயிரக்கணக்கான வருடங்களுக்கு முன் தைவான் பக்கமிருந்து படகேறியவர்களின் மொழி, தீவு தீவாகப் பிரிந்து மடகாஸ்கர் வரை போயிருக்கிறதாம். வலியைச் சொல்லும் அந்தச் சொல்லும் அப்படி வந்ததுதான். ஒரே வீடுதான். நான் படித்துத் தெரிந்துகொண்டதை நீங்கள் காதால் கேட்டே கண்டுபிடித்தீர்கள்.

உங்கள் மகளின் கடிதத்தில், “அம்மா அங்கே என்ன செய்தா என்று எங்களுக்குச் சொன்னதேயில்லை” என்றிருந்தது. ஏன் அக்கா சொல்லவில்லை? அடுத்த லீவில் அட்டனுக்கு வருவேன். அவளை உட்காரவைத்து எல்லாம் சொல்வேன், நான் உங்களைப் பேசிய பேச்சையும் மறைக்காமல்.

உங்கள் கூடப் பிறக்காத தங்கச்சி,
ரஞ்சி