துடைத்த கோடு

4-8-74, ஞாயிறு

காலையில் தூறல், பிறகு புழுக்கம். கோயில் முடிந்து வந்ததும் கார் பானெட்டைத் திறந்தேன். கூடுவாஞ்சேரி போய் வருவதற்குள் வண்டி திணறுகிறது. மெக்கானிக் பஷீர் பாயைக் கூப்பிடுங்களேன் என்றாள் எஸ்தர். இதற்கெல்லாமா ஆள்?

இன்ஜின் புல்லியில் உள்ள கோட்டை நேர்பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரில் பல்பு மாட்டினேன். எரிய வேண்டிய இடத்தில் எரிந்தது. தீப்பொறி விழும் டைமிங் சரி. அதோடு விட்டிருக்கலாம். பழைய இடத்தின் அடையாளத்துக்கு ஒரு சாக்பீஸ் கோடு போட்டு, இன்னும் வேகம் வரட்டும் என்று டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி டைமிங்கை முன்னே தள்ளினேன். நன்றாகவே தள்ளினேன். வண்டலூர் வரை பறந்தது. உள்ளே டக்டக் சத்தம். கண்டுகொள்ளவில்லை.

வாங்க: காபித்தூள், மண்ணெண்ணெய்.

5-8, திங்கள்

பேட்டரி வீக். வண்டியைக் கிளப்ப முன்னால் ஹாண்டில் போட்டுச் சுற்ற வந்தான் எஸ்தரின் தம்பி சாமு. முதல் சுற்றிலேயே ஹாண்டில் எதிர்ப்பக்கம் உதைத்தது. வலது மணிக்கட்டு முறிந்தது. ஆஸ்பத்திரி, மாவுக்கட்டு, ஆறு வாரம். சனிக்கிழமை அவனுக்கு டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சை. அதில் பாஸானால்தான் வேலை நிரந்தரம்.

டைமிங் முன்னே போனால் ஹாண்டில் உதைக்கும். எனக்குத் தெரியும். நேற்றும் தெரியும்.

6-8, செவ்வாய்

பாயை வரச் சொல்லிவிட்டாளாம் எஸ்தர். விடிந்ததும் முதல் வேலையாக டிஸ்ட்ரிபியூட்டரைப் பழைய கோட்டுக்கே திருப்பினேன். ஈரத்துணியால் சாக்பீஸ் கோட்டைத் துடைத்தேன். என்ன மனுஷன் நான்.

பாய் பல்பு மாட்டிப் பார்த்தார். "டைமிங்கு கரீட்டா கீது சார். தம்பி ஹாண்டில கட்டைவெரல சுத்திப் புட்ச்சிகினு இருந்திருக்கும், அப்டி புட்ச்சா கைய ஒட்ச்சிடும்."

சாமு தலையைக் குனிந்துகொண்டான். நான் பாய்க்கு டீ கொண்டுவர உள்ளே போனேன்.

7-8, புதன்

மழை. பால் திரிந்துவிட்டது. சாமு இடது கையில் ஸ்பூனோடு சோற்றுடன் மல்லுக்கட்டுகிறான். ஒரு ஹாண்டில் பிடிக்கத் துப்பில்லையா என்று எஸ்தர் அவனைத் திட்டித் தீர்க்கிறாள். ராத்திரிக்குள் சொல்லிவிட வேண்டும்.

சொல்லவில்லை.

10-8, சனி

நல்ல வெயில். பரீட்சை தொடங்கும் நேரம், சாமு இடது கை விரல்களால் மாவுக்கட்டின் மேல் டைப் அடித்துக்கொண்டிருந்தான். பார்க்கச் சகிக்காமல் வண்டியை எடுக்கப் போனேன். ஹாண்டில் போட்டேன். அரைச் சுற்று, சாதுவாகக் கிளம்பியது.

"பாத்தீங்களா அத்தான், புடிக்கத் தெரிஞ்சவங்க புடிச்சா ஒண்ணும் ஆகல" என்றான் ஜன்னலிலிருந்து.

சாயந்திர ஜெபம் இன்று அவன் முறை. "ஆண்டவரே, என் கவனக்குறைவால அக்காவுக்கும் அத்தானுக்கும் கஷ்டம் குடுத்துட்டேன். என்னை மன்னியும்."

எங்கள் வீட்டில் நான் ஆமென் சொன்ன பிறகுதான் எழுந்திருப்போம். முழங்காலில் இருவரும் காத்திருந்தார்கள்.

ஆமென் சொன்னேன்.