இடது பக்கக் கதவு

பாரிஸ்
4 மே 1998

அன்புள்ள கோரல்,

நானும் டெஸ்ஸும் உயிரோடு இருக்கிறோம், இன்னும் ஒருத்தரோடு ஒருத்தர் பேசிக்கொண்டும் இருக்கிறோம். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் இத்தனை நாள் ஒரே அறையில் அடைந்து கிடந்ததில்லை என்பதால் இதையே பெரிய சேதியாக எடுத்துக்கொள். நீயும் என் பன்னிரண்டு கோழிகளும் எப்படி இருக்கிறீர்கள்? கோழிகளுக்கு எழுதத் தெரிந்திருந்தால் உன்னைக் கேட்டிருக்க மாட்டேன். அதுகள் மறைக்காமல் சொல்லும்.

முதலில் டாக்சி கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் சிரித்துச் சிரித்தே எனக்கு வயிறு வலிக்கும். டாக்சியில் ஆண்பிள்ளை பின்னால் உட்கார்ந்தால் டிரைவரை வேலைக்காரனாக நினைத்ததாகிவிடும் என்று உன் அப்பா முதல் என் மாமனார் வரை நம் ஊரில் எல்லோருக்கும் ஒரு பிடிவாதம் உண்டே. டெஸ் அதை விமானத்தில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட்டான். விமான நிலையத்தில் டாக்சி வந்து நின்றதும் நேராக முன்பக்கம் இடது கதவைத் திறந்து உள்ளே குனிந்தான். அங்கே டிரைவர் உட்கார்ந்திருக்கிறான்! இந்த ஊரில் எல்லாம் தலைகீழ், ஸ்டீயரிங் இடது பக்கம். கிட்டத்தட்ட அந்த ஆளின் மடியிலேயே உட்கார்ந்திருப்பான். திருடன் என்று நினைத்து டிரைவர் கத்த, "நல்லா இருக்கியா தோழா?" என்று இவன் கையை நீட்ட, நான் சிரித்துக்கொண்டே நீ இரவல் கொடுத்த பச்சைப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அதோடு முடிந்ததா? சுற்றிக்கொண்டு போய் வலது கதவைத் திறந்தால் அந்த சீட்டில் ஒரு நாய். குட்டையாக, சுருட்டை முடியோடு, நம் சர்ச் பாதிரியார் மாதிரி முகம். டிரைவர் பின் சீட்டைக் கை காட்டுகிறான். நாயும் பின் சீட்டைத்தான் பார்க்கிறது. டெஸ் அசைவானா? "நாயைத் தூக்கி மடியில வச்சுக்கிறேன், எனக்கு ஒண்ணும் கஷ்டமில்ல" என்று ஏறிவிட்டான். ஹோட்டல் வரும்வரை அது அவன் சட்டையில் எச்சில் வடித்தது. இறங்கும்போது டிரைவரே கீழே இறங்கி வந்து கை குலுக்கினான். "பாத்தியா, மனுஷன் மனுஷன்தான்" என்று டெஸ் எனக்குப் பாடம் நடத்தினான். கை குலுக்கியது நாய்க்காக என்று நான் சொல்லவில்லை, பாவம்.

ஐயோ கோரல், இந்த ஊர்! தெருவில் நடந்தால் வாயை மூட முடியவில்லை, நம் ஊர் மாதிரி ஈ இல்லாததால் மூடவும் தேவையில்லை. அந்தப் பெரிய இரும்புக் கோபுரத்தின் உச்சிக்குப் போனேன். ஆமாம், நான்தான். டவுன்ஸ்வில் நகரத்துக் கடையில் நகரும் படியைப் பார்த்து அரைமணி நேரம் நின்றவள், சாய்ந்து போகிற லிஃப்டில் கண்ணை மூடிக்கொண்டு ஏறினேன். பக்கத்தில் நின்ற ஜப்பான்காரரின் கையைப் பிடித்திருந்தேன், டெஸ் என்று நினைத்து. மேலே போய்க் கண்ணைத் திறந்தால் ஊர் முழுக்க வெள்ளையும் சாம்பலுமாக, நடுவில் ஆறு. நிஜ ஆறு, தண்ணீர் இருக்கிற ஆறு! டெஸ் மட்டும் கீழே இருக்கிற கல் பாவிய தெருக்களைப் பார்த்து, "என் கிரேடர் வண்டி இருந்தா ஒரு வாரத்துல மட்டம் தட்டிருவேன்" என்றான். ரோடு போடுகிற வேலையிலிருந்து பதிமூன்று வாரம் லீவு கொடுத்த ஊர் கவுன்சில் இவன் தலையிலிருந்து ரோட்டை எடுக்க மறந்துவிட்டது.

சரி. டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரியில் எடுத்த உன் எக்ஸ்ரே படத்தின் முடிவு வந்துவிட்டதா? "சும்மா ஒரு கட்டி, உன் மூக்கை விடச் சின்னது, இதைச் சாக்கு வச்சு பயணத்தை நிறுத்தினா கதவத் திறக்க மாட்டேன்" என்று நீ விரட்டியதால்தான் நான் விமானம் ஏறினேன். ரோமில் தங்கும் ஹோட்டல் முகவரி பின்பக்கம் இருக்கிறது. எழுது. நல்லதோ கெட்டதோ எழுது, அலங்காரம் வேண்டாம். எட்டாம் வகுப்போடு விட்டவளுக்கு அலங்காரம் புரியாது.

முத்தங்களுடன்,
நோலீன்

*

ரோம்
17 மே 1998

அன்புள்ள முரட்டுக் கழுதைக்கு,

உன் கடிதம் ஹோட்டல் மேசையில் எனக்காகக் காத்திருந்தது. நாலு வரி. அதில் இரண்டு வரி கோழியைப் பற்றி.

மூன்றாவது வரியை ஐந்து தடவை படித்தேன். கெட்ட கட்டிதான், ஜூன் 11 வியாழக்கிழமை அறுவை. சரி. சீக்கிரம் பார்த்துவிட்டார்கள், சின்னதாக இருக்கிறது என்று டாக்டரே சொன்னதாக எழுதியிருக்கிறாய், அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் நாலாவது வரி என்னடி அது? "போறதா இல்ல. நாலு மணி நேரம் மெர்வ் வண்டியில உக்காரணும், அதுக்குக் கட்டியே பரவாயில்ல."

இதைப் படித்துவிட்டு டெஸ் முதலில் சிரித்தான். பிறகு ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான்.

ஆஸ்பத்திரி வண்டியை ஓட்ட நம் ஊரில் மெர்வ் ஒருத்தன்தான் முன்வந்திருக்கிறான், அவனும் சம்பளமில்லாமல். ஆறு வருஷத்துக்கு முன் ஊர்க் கண்காட்சியின் கேக் போட்டிக்கு நடுவராக வந்து, அத்தனை பேர் நடுவில் உன் பழக் கேக்கைக் கடித்துவிட்டு "கொஞ்சம் வறட்சி" என்று சொன்னது அவன் தப்புதான். நானே அவன் தலையில் அந்தத் தட்டைக் கவிழ்க்க நினைத்தேன். ஆனால் யோசித்துப் பார். நாலு மணி நேரம் அவன் வண்டியை விட்டு இறங்கி ஓட முடியாது. அவனை வறுத்தெடுக்க இதைவிட நல்ல இடம் உனக்குக் கிடைக்குமா?

கோழிகளுக்கு யார் தீனி போடுவது என்று ஓரத்தில் வேறு கிறுக்கியிருக்கிறாய். கழுத்தைத் திருகி உறைபெட்டியில் போடு. பன்னிரண்டையும். வந்து நானே சமைக்கிறேன்.

இப்போது வேறு பேச்சு பேசுகிறேன், இல்லாவிட்டால் திட்டியே தாள் தீர்ந்துவிடும். இந்த ஊரில் தெருவுக்குத் தெரு இரும்புக் குழாய் நிற்கிறது கோரல், அதிலிருந்து தண்ணீர் ராத்திரி பகல் கொட்டிக்கொண்டே இருக்கிறது. யாரும் பிடிப்பதில்லை, யாரும் நிறுத்துவதில்லை! முதல் குழாயைப் பார்த்ததும் டெஸ் முகம் வெளுத்துவிட்டது. "யாரோ மூடாம போயிட்டான்" என்று சொல்லி, திருகு எங்கே என்று சுற்றிச் சுற்றித் தேடினான். மூன்று கோடை மழையில்லாமல், துணி அலசிய தண்ணீரைத் தக்காளிச் செடிக்கு ஊற்றியே பழகிய மனுஷன் வேறென்ன செய்வான்? திருகு கிடைக்காததால் கட்டைவிரலை வைத்துக் குழாய் வாயை அடைத்தான். அதற்கு மேல்பக்கம் ஒரு ஓட்டை இருக்கிறது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? தண்ணீர் வானத்துக்கு எழும்பி, அந்தப் பக்கம் நடந்து போன ஒரு கன்னிகாஸ்திரீயின் முகத்திலேயே அடித்தது. நான் ஐந்தாறு தடவை சிலுவை போட்டுக்கொண்டேன், நான் கத்தோலிக்கச்சியே இல்லை. அந்தம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இவனும் அப்படிக் குடிக்கத்தான் பார்க்கிறான் என்று நினைத்து, குழாயை எப்படி அடைத்து மேல் ஓட்டையில் வாய் வைத்துக் குடிப்பது என்று சொல்லிக்கொடுத்தார். டெஸ் ஒழுங்காகக் குடித்தான். அப்புறமும், "ஆனா மூடணும்ல?" என்று என்னிடம் கேட்டான். இன்றைக்கும் குழாயைக் கடக்கும்போதெல்லாம் அவன் கை துறுதுறு என்கிறது.

நான் நேற்று ஒரு பெரிய கோயிலின் கூரையை அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டேன். அத்தனை பேரைக் கூரையில் வரைந்து வைத்திருக்கிறார்கள். அதில் ஒருத்தி உன்னை மாதிரியே கையை இடுப்பில் வைத்து முறைக்கிறாள்.

உன் அம்மா அதே டவுன்ஸ்வில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பி வரவில்லை என்று எனக்குத் தெரியும். நாம் இரண்டு பேரும் வாசலில் நின்று கையசைத்தோம், நான் மறக்கவில்லை. அது 1967. அப்போது நம் ஊருக்கு ஒழுங்கான தார் ரோடு கூடக் கிடையாது கோரல். அப்புறம் எவ்வளவோ மாறிவிட்டது.

டெஸ் டிக்கெட்டை மாற்றித் திரும்பிவிடலாம் என்கிறான். உன்னிடம் கேட்டுச் சொல் என்றும் சொன்னான். நீ என்ன சொல்வாய் என்று தெரியும், ஆனாலும் கேட்கிறேன். வியன்னா ஹோட்டலுக்குப் பதில் எழுது.

கோபத்தோடும் பிரியத்தோடும்,
நோலீன்

*

வியன்னா
27 மே 1998

என் கோரல்,

"சீக்கிரம் வந்தா கதவத் திறக்க மாட்டேன். வியாழக்கிழமைய ரத்து பண்ணப் போறேன். சும்மா நச்சரிக்காத. கேக்கு நிறையத் தின்னு." உன் கடிதம் மனப்பாடமாகவே தெரியும். அதைத் தினமும் கைப்பையில் வைத்துத் தூக்கிக்கொண்டு திரிகிறேன்.

கேக்கு தின்றேன். மூன்று வகை. ஒன்று நிஜமாகவே வறட்சி. உன் கேக்கை இந்த ஊரார் கையில் கொடுத்தால் அழுதுவிடுவார்கள்.

நேற்று அந்தப் பெரிய ராட்டினத்துக்குப் போக டாக்சி பிடித்தோம். ஓட்டியது ஒரு பொம்பளை. ஹெல்கா. வயது நம் வயதுதான், தோள் மட்டும் நம் இரண்டு பேர் தோளையும் சேர்த்த மாதிரி. டெஸ் இந்தத் தடவை சரியாக வலது கதவைத் திறந்தான். அவள் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, தன் சாப்பாட்டுப் பையை எடுத்துக் காலடியில் வைத்து இடம் விட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் பத்து வார்த்தை, டெஸ்ஸுக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான், இரண்டு பேரும் ஜோராகப் பேசிக்கொண்டு வந்தார்கள். எஞ்சின், டயர், ரோடு, மழை. நான் பின்னால். வழியில் என்னவோ தெரியவில்லை, ஒரு பாட்டு கூட ஓடவில்லை, சும்மா ஒரு பேக்கரி வாசலில் ஒரு பொம்பளை உன்னை மாதிரி நீல மழைக்கோட்டு போட்டு நின்றாள், நான் அழ ஆரம்பித்துவிட்டேன். சத்தமில்லாமல்தான் அழுதேன். டெஸ் கவனிக்கவில்லை.

ஹெல்கா கண்ணாடியில் பார்த்துவிட்டாள். வண்டியை ஓரம் கட்டினாள். டெஸ்ஸைக் காட்டி, "நீ, பின்னால!" என்றாள். என்னைக் காட்டி, "நீ, முன்னால!" என்றாள். கோரல், அவன் போனான்! முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த மனுஷன் டாக்சியின் பின் சீட்டுக்குப் போனான்.

நான் இதுவரை எந்த டாக்சியிலும் முன்னால் உட்கார்ந்ததில்லை, தெரியுமா? பின்னால் இருந்தால் டெஸ்ஸின் கழுத்தும் காதும்தான் தெரியும். ஊரெல்லாம் பக்கவாட்டில் வந்து போய்விடும், நாம் பார்ப்பதற்குள் முடிந்துவிடும். அங்கே உட்கார்ந்து அழத்தான் முடியும், வேறு வேலை இல்லை. முன்னால் ஏறியதும் தெரு அப்படியே நம்மைப் பார்த்து வருகிறது. விளக்கு சிவப்பானால் ஹெல்கா சலித்துக்கொள்கிறாள், நானும் சலித்துக்கொள்கிறேன். ஒரு சைக்கிள்காரன் குறுக்கே வந்தான், இரண்டு பேரும் சேர்ந்து திட்டினோம், அவள் அவள் மொழியில், நான் நம் மொழியில். அழ நேரமே இல்லை. என்ன விஷயம் என்று கையால் கேட்டாள். என் மார்பைத் தொட்டு, பிறகு தூரத்தைக் காட்டி, "தோழி" என்றேன். அவள் தலையை ஆட்டிவிட்டு ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். அப்புறம் என் முழங்காலில் ஒரு தட்டு தட்டினாள் பார், இன்னும் வலிக்கிறது.

ராட்டினத்தில் ஏறவில்லை. நேராகத் தபால் ஆபீசுக்குப் போய் ஊருக்கு ஃபோன் போட்டேன். உனக்கு இல்லை, நீ வைத்துவிடுவாய். மெர்வுக்கு. கோரல் பேர் பட்டியலிலிருந்து எடுத்தாகிவிட்டதா என்று கேட்டேன். "யாரும் எடுக்கச் சொல்லலியே, அப்படியேதான் இருக்கு" என்றான்.

பொய்க்காரி! ரத்து செய்யப் போகிறேன் என்று எனக்கு எழுதிவிட்டு இன்னும் ஃபோனைத் தொடவில்லை! சந்தோஷத்தில் தபால் ஆபீஸ் கண்ணாடிக் கூண்டுக்குள் குதித்தேன். வெளியில் நின்ற டெஸ் எனக்கு ஏதோ ஆகிவிட்டது என்று கதவைப் பிடுங்கிவிட்டான்.

மெர்வ் அந்தக் கேக்கைப் பற்றி ஒன்று சொன்னான். அந்த வருஷம் அவன் பெண்டாட்டியும் ஒரு கேக் வைத்திருந்தாள் என்பது வரை எழுதுகிறேன். மீதியை அவன் வாயால் உன்னிடம் சொல்ல வேண்டுமாம். குரல் சின்னதாகிவிட்டது அவனுக்கு. தெரிய வேண்டுமானால் வண்டியில் ஏறு.

ஆனால் ஒன்று, பின்னால் ஏறாதே. நோயாளி மாதிரி போர்வையைச் சுற்றிக்கொண்டு பின் சீட்டில் படுத்தாயானால் நான் உன்னோடு பேச மாட்டேன். உன் அம்மாவை அன்றைக்குப் பின்னால்தான் படுக்க வைத்தோம். நீ முன்னால் உட்கார். ரேடியோவை நீ வை. அவன் ஓட்டுவது சரியில்லை என்று சொல். வழியில் சார்ட்டர்ஸ் டவர்ஸ் ஊரில் நிறுத்தி, இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் வாங்கித் தரச் சொல்லியிருக்கிறேன், சரி என்றான். முன் சீட்டில் இருக்கிற அவன் சாமானையெல்லாம் புதன்கிழமையே எடுத்துவிடுகிறானாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பியதும் டவுன்ஸ்வில்லிலேயே டெஸ்ஸின் தங்கை ஜாய் வீட்டில் இரு. அவள் பேசிக்கொண்டே இருப்பாள், காது கேட்காத மாதிரி நடி. நாங்கள் ஜூன் 26 டவுன்ஸ்வில்லில் இறங்குகிறோம். எங்கள் கார் ஜாய் வீட்டுக் கொட்டகையில்தான் நிற்கிறது. நான் ஓட்டுவேன், நீ பக்கத்தில். வீடு போகும்வரை உன்னைக் கிண்டல் செய்ய எனக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும் கோரல். வேறு யாரும் எனக்குத் திருப்பிக் கொடுப்பதில்லை.

வியாழக்கிழமை காலை ஆறு மணிக்கு மெர்வ் வாசலில் இரண்டு தடவை ஹாரன் அடிப்பான். நம் ஊர் வண்டி, ஞாபகம் வைத்துக்கொள். இடது பக்கக் கதவு. கடவுள் உன் கையைப் பிடித்து ஏற்றிவிடட்டும், அவருக்கு நேரமில்லாவிட்டால் நீயே ஏறு.

உன்
நோலீன்

கோரல், இவ எழுதினதப் படிச்சேன். திரும்பி வரும்போது நான் பின்னாடி உக்காந்துக்கிறேன். வந்துடு. டெஸ்.