வெந்நீரில் சுருங்கிய தொப்பி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நலம்தானே? அத்தைக்கு முழங்கால் வலி குறைந்ததா? எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை, கோபத்தைத் தவிர.

குளிர்பதனக் கிடங்கில் காது விறைக்கிறது என்று எழுதியிருந்தேன் அல்லவா? நீ பின்னும்போது பார்த்துப் பழகியதை நம்பி, குரோஷா ஊசி வாங்கி, அசல் கம்பளி நூலில் எனக்கு நானே ஒரு தொப்பி பின்னினேன். சூடு நிற்கட்டும் என்று மேலெல்லாம் முண்டு முண்டாகப் புடைத்து நிற்கும்படி போட்டேன். அறையில் எல்லாரும் அதைப் பாகற்காய் என்றார்கள். பொறுத்துக்கொண்டேன்.

நேற்று எங்கள் சமையல்காரர் அதைத் தன் அழுக்குத் துணிகளோடு சேர்த்து, கொதிக்கிற வெந்நீரில் ஊறப்போட்டு அலசியிருக்கிறார்! கம்பளி சுருங்கி, என் முஷ்டியில்தான் மாட்டலாம் என்று ஆகிவிட்டது.

"வெந்நீர்ல போட்டாத்தானே அழுக்கு போகும்?" என்கிறார் மனுஷன், கொஞ்சம்கூடக் கூச்சமில்லாமல். "அதுக்கென்ன, உன் பாப்பாவுக்கு அனுப்பிடு. அவ தலை எவ்வளவு பெருசு இருக்கும்?"

நான் வெடுக்கென்று இரண்டு கையாலும் காட்டினேன். காட்டிய பிறகுதான் உறைத்தது, அது நான் கிளம்பிய அன்று இருந்த அளவு. அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. அவரோடு பேச்சே கிடையாது. சாப்பாடு மட்டும் வாங்கிக்கொள்கிறேன்.

நீயும் சிரிக்காதே. பாப்பா தூங்கும்போது ஒரு நூலை அவள் தலையைச் சுற்றி வைத்து, அளவாக நறுக்கி அனுப்பு. அவளுக்குப் புதிதாகவே பின்னுகிறேன். வேன்காரர் ஹாரன் அடிக்கிறார், கிளம்புகிறேன். அளவை எழுதி அனுப்பாதே, அந்த நூலையே அனுப்பு.

பாப்பாவின் அப்பா