பதினோராம் மாதிரி

07.07.2025, திங்கள்

இன்று எனக்கு எழுபத்தாறு ஆண்டு, நான்கு மாதம், ஒன்பது நாள். எண்களோடு பிழைத்தவள் நான். வயதைக் குறைத்துச் சொல்லும் பழக்கமில்லை.

காலையில் என் பழைய மாணவன் அருண்பாண்டி வந்தான். கஞ்சிக்கோட்டில் நான் வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தின் உறைகலன்கள் இப்போது அவன் பொறுப்பு. 1993-இல் நான் உறையவைத்த தோல் செல்களில் பதினோராம் மாதிரியை உயிர்ப்பித்திருக்கிறான். செல்கள் சர்க்கரையை வாங்கிக்கொள்கின்றன. அதை எரித்துச் சக்தியாக்கும்போது பாதியில் நின்றுவிடுகின்றன. பழுது மைட்டோகாண்ட்ரியாவில். தாய்வழியாக மட்டுமே இறங்குவது. நீரிழிவும் காது மந்தமும் சேர்ந்து வரும்.

மூன்று வருடமாக இதைத்தான் தேடினானாம். ஆனால், கொடுத்தவரின் சம்மதபத்திரம் கோப்பில் இல்லை. பதினெட்டாம் தேதிக்குள் காட்டாவிட்டால் அழித்துவிட வேண்டும் என்பது நெறிமுறைக் குழுவின் உத்தரவு.

"ஆளு யாருன்னு மட்டும் சொல்லுங்க டீச்சர். கால்ல விழுந்தாவது ஒப்பு வாங்கியாந்துருதேன்."

நினைவில்லை என்றேன்.

09.07.2025

மழை. கேட்புக் கருவி நனைந்துவிட்டது. யார் பேசியதும் காதில் விழவில்லை. நல்ல நாள்.

11.07.2025, வெள்ளி

ரஜீனா வந்தாள்; மறைந்த என் தங்கை ஹவ்வாவின் மகள். மீன்குழம்பை வைக்கக் குளிர்பெட்டியைத் திறந்தவள் வழக்கமான புகாரைத் தொடங்கினாள்.

"ஏனுங்க பெரியம்மா, ரிட்டயராயி இருவது வருசமாச்சு. இன்னும் எலி ஈரல் டப்பா எதுக்குங்க? திங்கிற பண்டம் வெக்கிற எடமுங்க இது."

தொடாதே என்றேன். அவள் கணவன் முஸ்தபா தன் பேக்கரியிலிருந்து கொடுத்தனுப்பிய லட்டைத் திருப்பிக் கொடுத்தேன். எனக்கு இனிப்புப் பிடிக்காது என்பது தெருவே அறிந்த செய்தி. வாசலில் கணவனிடம் கைபேசியில், "அவங்க நாக்குல புளியத் தவிர ஒண்ணும் ஒட்டாதுங்க" என்றாள். கருவி காதில் இருந்ததை அவள் கவனிக்கவில்லை.

நான் சொன்ன ஒவ்வொன்றையும் இரண்டு முறை கேட்டாள். கிளம்பும்போது, மருந்துக்கடைக்குப் போகவேண்டும் என்றாள். ஒரு வருடமாகச் சர்க்கரையாம், மெட்ஃபார்மின் மாத்திரை. ஐம்பது வயது.

என்னிடம் ஏன் சொல்லவில்லை? — நான் அவளிடம் என்ன சொன்னேன்?

14.07.2025, திங்கள்

குழுவின் முன் போனேன். தலைவர் 'பல்கீஸ் டீச்சர்' என்று தொடங்கி என் சேவையைப் பத்து நிமிடம் பாராட்டிவிட்டு, மாதிரியை அழிக்கச் சொன்னார். 1993-இல் அப்படியொரு படிவமே எங்களிடம் இல்லை என்றேன். விதியைத் தளர்த்த முடியாது என்றார். தளர்த்தச் சொல்லி நான் வரவில்லை, பதினேழாம் தேதி படிவத்தை எடுத்து வையுங்கள், கொடுத்தவர் வருவார் என்றேன்.

உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டார்.

இருக்கிறாள், கொஞ்சம் பிடிவாதக்காரி என்றேன்.

17.07.2025, வியாழன்

கையெழுத்திட்டேன். கொடுத்தவர் பெயர்: பல்கீஸ். அருண்பாண்டி படிவத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தான். வாயை மூடச் சொன்னேன். செல்கள் பிழைத்தன.

மாலையில் ரஜீனாவை அழைத்து எலி ஈரல் டப்பாவைத் திறந்து காட்டினேன். அதில் ஒருநாளும் எலி இருந்ததில்லை. என் இன்சுலின். அந்தப் பெயர் எழுதிய டப்பாவை யார் திறப்பார்கள்?

தொண்ணூற்று மூன்றில் அவளுக்கு முதலமடையில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். தாய்வழி நோய் என்று ஒரு சொல் வெளியே போயிருந்தால் நின்றிருக்கும். சரி, நிக்காஹ் முடிந்த பிறகு? முப்பத்திரண்டு வருசம் வாயில என்ன வெச்சிருந்தேன்? இந்த நோட்டிலும் எழுதியதில்லை.

இந்த வகை நீரிழிவுக்கு அவள் விழுங்கும் மாத்திரை ஏற்றதல்ல என்பதையும், இரத்தமும் காதும் சோதிக்கவேண்டும் என்பதையும் சொன்னேன். நாளை நானும் போகிறேன்.

டப்பாவை மூடிக் குளிர்பெட்டியில் தானே வைத்தாள்.

"எங்கிட்டயாச்சும் சொல்லியிருக்கலாமுங்கல்ல."

சொல்லியிருக்கலாம் என்றேன். பிறகு கேட்டாள், அத்தனை லட்டையும் திருப்பி அனுப்பியது இதற்காகத்தானா என்று.

ஆம். எனக்கு இனிப்பு மிகவும் பிடிக்கும்.