பவிஷாவை உன்னிடம் அனுப்புகிறேன்

செங்கல்பட்டு
டிசம்பர் 14

அன்புள்ள கனகலட்சுமி அக்காவுக்கு,

உன் தங்கை பூமாரி ஆஸ்பத்திரி வராந்தாவிலிருந்து எழுதுகிறேன். அங்கே நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமாயிருக்க வேண்டும். போனில் பேச ஆரம்பித்தால் அழுகைதான் வருகிறது. அதனால் எழுதி, கொழுந்தன் மாரிசெல்வத்திடம் கொடுத்து, கூடவே சின்னவள் பவிஷாவையும் அனுப்புகிறேன்.

பெரியவள் இசக்கிப்ரியாவுக்கு எலிக்காய்ச்சல். மழைக்கு வடக்குப்பட்டில் எங்கள் தெருவில் நாலு நாள் முழங்கால் தண்ணீர் நின்றது. வராவிட்டால் வேறு ஆள் எடுத்துவிடுவோம் என்று கம்பெனி சூப்பர்வைசர் சொன்னதால் நானும் இவரும் ஷிப்டுக்குப் போனோம். குடிதண்ணீர் லாரி வந்தபோது பிள்ளைதான் குடத்தோடு அந்த மழைத்தண்ணீரில் இறங்கியிருக்கிறாள். குதிகாலில் செருப்புக் கடித்த புண். எலி மூத்திரம் கலந்த தண்ணீர் புண் வழியாக ஏறுமாம். எனக்கு யார் சொன்னார்கள் அக்கா?

காய்ச்சல் வந்ததும் மெடிக்கலில் மாத்திரை வாங்கிக் கொடுத்தேன். “கெண்டக்கால் வலிக்கும்மா, வேலைக்குப் போவாதம்மா” என்றாள். நடந்த வலி என்று தைலம் தேய்த்துவிட்டுப் போனேன். மூன்று நாள் அப்படியே போனேன். நாலாம் நாள் வீட்டுக்கார சந்திரம்மாள்தான், “இன்னாம்மா, கொயந்த கண்ணு மஞ்சளா கீது, பாக்கலியா நீ?” என்று சத்தம் போட்டார்.

சிங்கப்பெருமாள் கோவில் வரை ஷேர் ஆட்டோவில் மடியில் போட்டுக்கொண்டு வந்து, அங்கிருந்து பஸ்ஸில் இந்தச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்தோம். கிட்னி வேலை செய்யவில்லை என்று இரண்டு முறை ரத்தம் சுத்தம் செய்தார்கள். இப்போது மறுபடி உள்ளே கொண்டுபோயிருக்கிறார்கள். “முன்னாடியே கூட்டிட்டு வந்திருந்தா...” என்று டாக்டரம்மா ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார். நேற்றிலிருந்து பிள்ளைக்கு என்னை அடையாளம் தெரியவில்லை. இவர் கேட் பக்கத்திலேயே நிற்கிறார், உள்ளே வர மாட்டேன் என்கிறார்.

பவிஷாவும் அந்தத் தண்ணீரில் ஆடியவள்தான். டாக்டரம்மா கொடுத்த மருந்து பையில் இருக்கிறது. காய்ச்சல், கால்வலி, கண்சிவப்பு, எது வந்தாலும் அன்றைக்கே பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடு. வெள்ளத்தில் நனைந்த பிள்ளை என்று நீயே சொல். என்னைப் போல் இருந்துவிடாதே. உன் பிள்ளைகளுக்கு ஒட்டாது, கேட்டுவிட்டேன்.

ப்ரியா அக்கா பரீட்சை எழுதிவிட்டு வருவாள் என்று பவிஷாவிடம் சொல்லியிருக்கிறேன். நீயும் அப்படியே சொல். அம்மனிடம் எனக்காக எதுவும் கேட்காதே, ப்ரியாவுக்குக் கேள்.

இங்கிருந்து எந்தச் செய்தி வந்தாலும் சின்னவளுக்கு முதலில் சோறு ஊட்டிவிடு அக்கா. அப்புறம் சொல்.

உன் தங்கை,
பூமாரி